நாரி நோ போய்விட்டது என்று நான் சொன்ன பொய்

புதிதாகப் பிலாட்டிஸ் வகுப்புத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளே, உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டு, ஊக்கம் தருகிற மாதிரி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். ஊக்கம் உங்களிடம் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நீங்கள் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். மூன்றே கிழமையில், இருபத்தொரு நாளில், இடுப்பைப் பிடிக்கும் இந்த நாரி நோவுக்கு விடுதலையாம். மருந்தில்லை, மாத்திரையில்லை, ஒப்பரேசன் இல்லையாம். ஒன்றில் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரியின் படமும் இருந்தது. அவளுக்கு ஒரு நாளும் நாரி நொந்திருக்காது என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

உங்களை இப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இந்தக் கரையில் அப்படியொரு நோட்டீஸை முதலில் அடித்து ஒட்டியவள் நான்தான். உங்களுடையதை விட என்னுடையது அழகாகவும் இருந்தது, பொய்யும் கூட.

நான் கட்டாருக்குப் போனது உடற்பயிற்சி படிக்க அல்ல. படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலைக்குப் போனேன். மூன்று வருடம் தூக்கினேன். அதற்குப் பிறகு என்னைத் தூக்க ஆள் தேவைப்பட்டது. குனிந்து செருப்புப் போட முடியாது, தும்மினால் கண்ணில் தண்ணீர் வரும். அந்த வீட்டுக்காரர்கள் என்னைப் பெண்களுக்கான ஒரு பிலாட்டிஸ் நிலையத்தில் கூட்டித் துடைக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கூட்டுவதற்கு நாரி தேவையில்லை என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த நிலையத்தை நடத்தியவள் ஒரு லெபனான்காரி. ஒரு நாள் நான் வாளியைத் தூக்கும் விதத்தைப் பார்த்தாள். வாளியை வாங்கி வைத்துவிட்டு என்னைத் தரையில் கிடக்கச் சொன்னாள். அன்று தொடங்கி, வேலை முடிந்த பிறகு அரை மணித்தியாலம் எனக்குச் சொல்லித் தந்தாள். எட்டு மாதத்தில் நான் குனிந்து செருப்புப் போட்டேன். வாளியையும் நானே தூக்கினேன். பிறகு முறையாகப் படிக்க வைத்து, நான்கு வருடம் தனக்கு உதவியாக வைத்துக்கொண்டாள். பிலாட்டிஸ் எனக்கு என்ன செய்தது என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. அதைப் பற்றி நான் வெளியே என்ன சொன்னேன் என்பதில்தான் கோளாறு.

அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கம் இருந்தது. வருகிற ஒவ்வொருத்தியிடமும் ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளைக் கேட்பாள். கால் விறைக்கிறதா, பாதம் இழுபடுகிறதா, சலம், அதாவது சிறுநீர், போவதில் மாற்றம் உண்டா, உட்காரும் இடத்தில் உணர்வு குறைந்திருக்கிறதா. பணக்காரப் பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு தடவை, பெரிய இடத்துப் பெண் ஒருத்தி ஏதோ பதில் சொன்னதும், அவளுக்கு வகுப்பு எடுக்காமல் நேரே ஆசுபத்திரிக்குப் போகச் சொன்னாள். அந்தப் பெண் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள். நல்ல வாடிக்கையைக் கெடுத்துக்கொண்டாளே என்று நான் முணுமுணுத்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: அந்தப் பெண்ணுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது, தெரியாததற்கு நான் பயிற்சி கொடுப்பதில்லை. தெரியாது என்று வாய்விட்டுச் சொல்கிறவள் எப்படி இந்தத் தொழிலில் பிழைப்பாள் என்று நான் நினைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரியாகத்தான் நான் ஊருக்குத் திரும்பினேன்.

சாய்ந்தமருதில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த மண்டபத்தில், வாசலுக்குத் தடித்த திரை போட்டு, பெண்களுக்கு மட்டும் வகுப்புத் தொடங்கினேன். ஊரில் யாருக்கும் பெயர் வாயில் நுழையவில்லை. பிளேட் கிளாஸ் என்றார்கள். முதல் நாள் ஒரு பெண் சமையல் குறிப்பு எழுதக் கொப்பியோடு வந்து, அரை மணித்தியாலம் பொறுமையாக இருந்துவிட்டு, அடுப்பு எங்கே என்று கேட்டாள். மல்லாக்கக் கிடந்து காலைத் தூக்குவதற்கு ஒரு டீச்சரா என்று சிரித்தவர்களும் உண்டு. சிரித்தவர்களே இரண்டு மாதத்தில் நாரியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்கள்.

அந்த முதல் மாதத்தில் ஒருத்தி கேட்டாள், உங்களுக்கு இப்போது நோவே இல்லையா என்று. உண்மையான பதில் என்னிடம் இருந்தது. மிகவும் குறைந்துவிட்டது, ஆனால் மாதத்தில் ஒன்றிரண்டு தடவை பிடிக்கும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் பயம் இல்லை. நல்ல பதில். கொஞ்சம் நீளம். ஏழு பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இல்ல. துப்புரவாப் போயிட்டு, அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

அடுத்த மாதம் ஏழு பேர் பதினைந்து ஆனார்கள். அதைப் பார்த்துத்தான் நோட்டீஸ் அடித்தேன். என் படத்தைப் போட முடியாது என்பதால் ஒரு பூவின் படத்தைப் போட்டு, கீழே எழுதினேன்: ஆசுபத்திரியும் ஒப்பரேசனும் இல்லாமல் நாரி நோ முற்றாகச் சுகமான ஒருவரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

முற்றாகச் சுகமான அந்த ஒருவர் பிடிப்பு வந்த நாட்களில் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, நிலத்தில் நெற்றி வைக்கும் சுஜூதுக்குக் குனிய முடியாமல் கதிரையில் இருந்து தொழுதார். அடுத்த நாள் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, புன்னகையோடு படியேறினார். அந்தக் கேள்விகளையும் கைவிட்டுவிட்டார். சலத்தைப் பற்றியெல்லாம் நம் பெண்களிடம் எப்படிக் கேட்பது, வெட்கப்படுவார்கள் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டார். உண்மைக் காரணம் வேறு. எல்லோரும் சுகமாகிக்கொண்டிருக்கும் வகுப்பில் அந்தக் கேள்விகளுக்கு என்ன வேலை.

நான்காவது வருடம் ஜெஸீமா வந்தாள். மருதமுனையில் தறி நெய்கிறவள், நாற்பது வயது. கணவர் நவாஸும் நெசவுதான், பக்கத்துத் தறி. நாள் முழுக்கத் தறிக் குழியில் காலை விட்டுக் குந்தியிருந்து நாரி போய்விட்டது என்றாள். நிலத்தில் தலை வைத்துத் தொழ வேண்டும், அவ்வளவுதான் தனக்கு வேண்டும் என்றாள். நெசவுக்காரர்களுக்குக் கையும் காலும் கணக்காக வேலை செய்யும். நான் சொன்னதை முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் நோ பாதி குறைந்தது. அவளை முன்வரிசையில் வைத்து மற்றவர்களுக்குக் காட்டினேன். என்னுடைய நோட்டீஸுக்குக் காலும் கையும் முளைத்து வந்த மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு அவளுக்குப் பயிற்சி பிழைக்கத் தொடங்கியது. இடது காலைத் தூக்கினால் பாதம் தொங்கியது. படியேறும்போது இடது செருப்பு கழன்று கழன்று விழுந்தது. ஒரு கிழமை பார்த்தேன், இரண்டு கிழமை பார்த்தேன். நான்கு வருடம் படித்து, நான்கு வருடம் படிப்பித்தவள் அந்தப் பாதத்தைப் பார்த்து என்ன சொன்னேன் தெரியுமா? கவனம் போதாது என்றேன். மனசு வைத்தால் கால் கேட்கும் என்றேன். எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றாள்.

மூன்றாவது கிழமை, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வகுப்பு. பதினொரு பேர் வந்திருந்தார்கள். ஜெஸீமாவின் பாதம் மறுபடி தொங்கியது. எனக்கு ஆத்திரம் வந்தது. எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, எப்படிச் செய்வதென்று காட்டுவதற்காக நானே விரிப்பில் கிடந்து, இரண்டு காலையும் தூக்கி எழும்பினேன். பாதி எழும்பும்போது நாரி பிடித்தது.

பக்கவாட்டில் சரிந்து, ஒரு முழங்காலை மடித்து, கழுத்தைத் திருப்பியபடி கிடந்தேன். மூச்சு விட முடியவில்லை. பதினொரு பேரும் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது புதிய பயிற்சி என்று நினைத்திருக்கிறார்கள். பின்வரிசையில் இருந்த இரண்டு பேர் என்னைப் போலவே சரிந்து, முழங்காலை மடித்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் எவ்வளவு நல்ல டீச்சர் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா.

ஜெஸீமாதான் முதலில் கண்டுகொண்டாள். இடது காலை இழுத்துக்கொண்டு வந்து என் தலைமாட்டில் இருந்தாள். நோகுதா என்று கேட்டாள். சுளுக்கு என்றேன். முந்தியும் இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் என் நெற்றி வியர்வையைத் தன் சால்வை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள், அவள் முகத்தில் அந்த நோவை அறிந்தவளின் முகம் இருந்தது. என்னால் முடியவில்லை.

"மாசத்தில ரெண்டு தரம் வரும், புள்ள" என்றேன். "ஒரு நாளும் துப்புரவாப் போகல்ல. நான் உங்களுக்கெல்லாம் பொய் சொன்ன."

பின்வரிசையில் சரிந்து கிடந்தவர்கள் மெல்ல எழும்பி இருந்தார்கள். ஜெஸீமா என் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அப்ப நானும் ஒண்டு சொல்லட்டா டீச்சர்? மூணு கிழமையா எனக்கு இடக் கால் விறைச்சுப்போய் இரிக்கி. தறியில மிதிச்சா மிதிபட்டிச்சா எண்டு தெரியிதில்ல. நீங்க சுகமாகின ஆள், எனக்குத்தான் மனசு போதாது எண்டு நினைச்சிட்டு இருந்த."

என் நோவை நான் மறந்த ஒரே தடவை அதுதான். மற்றவர்களைத் திரும்பி இருக்கச் சொன்னேன். நான்கு வருடமாகக் கேட்காத கேள்விகளைத் தரையில் கிடந்துகொண்டு கேட்டேன். அவள் வெட்கப்படவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரிச் சொன்னாள். நேற்றுக் காலையிலிருந்து சலம் வருவதே தெரியவில்லை. உட்கார்ந்தால் பஞ்சின் மேல் இருப்பது போலிருக்கிறது. முள்ளந்தண்டின் அடியில் நரம்புகள் நெரிபடும்போது இப்படி வரும் என்று லெபனான்காரி எனக்குப் படம் வரைந்து சொல்லித் தந்திருக்கிறாள். இதற்கு நாள் பார்க்க முடியாது, மணித்தியாலம்தான் பார்க்க வேண்டும், தாமதித்தால் போன உணர்வு திரும்பாமலே போகலாம்.

உடனே ஆசுபத்திரிக்கு என்றேன். அதோடு பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு யோசனை வந்தது. முதலில் வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும் என்றாள் ஒருத்தி. எண்ணெய் போட்டு நீவினால் சரிவரும் என்றாள் இன்னொருத்தி. நாளைக்குக் கிளினிக் இருக்கிறது, வரிசையில் முன்னுக்கு நிற்கலாம் என்றாள் மூன்றாமவள். மற்ற நாளென்றால் அவர்களைத் திட்டியிருப்பேன். ஆனால் ஆசுபத்திரி வேண்டாம் என்று அவர்களை நம்ப வைத்தவள் அங்கே தரையில் கிடந்தாள். நவாஸுக்குப் போன் எடுக்கச் சொன்னேன்.

கால் மணித்தியாலத்தில் ஆட்டோவோடு வந்து திரைக்கு வெளியே நின்றார். நான் உள்ளே கிடந்தபடியே விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பெண்டாட்டிக்காகத் தானே ஆட்டோ பிடித்து வந்தவர். ஆனால் அவருக்கு விளங்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டொக்டர் ஒப்பரேசன் வேண்டியிருக்கும் என்று சொன்னாராம். இருவரும் பயந்து போனார்களாம். அதன் பிறகுதான் என் நோட்டீஸைக் கண்டார்களாம்.

"அதப் பாத்துத்தான் கிளினிக்குக்குப் போறத விட்ட" என்றார் திரைக்கு வெளியே. "ஆசுபத்திரி இல்லாமச் சுகம் எண்டு நீங்கதானே போட்டிரிக்கிங்க. இப்ப நீங்களே ஆசுபத்திரிக்குப் போகச் சொல்றீங்க. அங்க போனா வெட்டுவாங்க டீச்சர். இன்னும் ரெண்டு மாசம் நீங்களே பாருங்களன்."

பிள்ளைகளே, பணிவோடு, முழு நம்பிக்கையோடு, ஒரு மனிதர் என்னுடைய வாசகத்தையே எனக்குத் திருப்பிச் சொல்லிக் கெஞ்சினார். அவருக்கு என்ன விளக்கம் சொல்வது? நரம்பைப் பற்றிச் சொன்னேன், ஓம் டீச்சர் என்றார். தாமதித்தால் ஆபத்து என்றேன், நீங்கள் இருக்கும்போது என்ன பயம் என்றார். என் பேச்சு முழுவதும் நானே சம்பாதித்த நல்ல பெயரில் வந்து முட்டி நின்றது.

என் மேல் அபாயாவைப் போட்டு, சால்வையைச் சுற்றி, என்னைத் தூக்கச் சொன்னேன். இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள், ஒருத்தி இடுப்பைப் பிடித்தாள். நெல்லு மூட்டையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். திரையை விலக்கச் சொன்னேன். நிமிர முடியாமல், வாயைக் கோணிக்கொண்டு அவருக்கு முன்னால் தொங்கினேன்.

"என்னப் பாருங்க தம்பி. முற்றாச் சுகமாகின ஆள் இதான். அந்த நோட்டீஸ் பொய். அதக் கிழிச்சுப் போட்டுட்டு அவவக் கூட்டிட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஜெஸீமாவின் கையைப் பிடித்துப் படியிறக்கினார். கடைசிப் படியில் அவளுடைய இடது செருப்புக் கழன்று விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துப் போட்டுவிட்டார்.

அதே ஆட்டோவில் என்னையும் ஏற்றச் சொன்னேன். வெட்கப்பட்டு அவள் மறைக்கக்கூடியதை டொக்டரிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றேன். பின் இருக்கையில் நான் அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தேன். நோயாளி யார் என்று ஆசுபத்திரி வாசலில் கேட்டார்கள். இளம் டொக்டர் ஒருவர் அவளுடைய காலைத் தட்டிப் பார்த்து, ஊசியால் தொட்டுப் பார்த்து, எத்தனை நாளாகப் பாதம் இப்படி என்று கேட்டார். மூன்று கிழமை என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்டார். நான் அவளுடைய உடற்பயிற்சி டீச்சர், ஒவ்வொரு வகுப்பிலும் பார்த்தேன் என்றேன். தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார்.

அன்றைக்கே அம்புலன்ஸில் மட்டக்களப்புப் பெரியாசுபத்திரிக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் ஒப்பரேசன் நடந்தது. சலத்தின் உணர்வு இரண்டு மாதத்தில் திரும்பியது. நிலத்தில் தலை வைத்துத் தொழவும் முடிந்தது, எழும்பும்போது சுவரைப் பிடிப்பாள். ஆனால் பாதம் முழுவதுமாகத் திரும்பவில்லை. மூன்று கிழமைக்கு முந்தி வந்திருந்தால் எவ்வளவு திரும்பியிருக்கும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே எனக்கு விளங்கும். தறியில் மிதிக்க முடியாமல் நூல் சுற்றும் வேலைக்கு மாறினாள்.

ஊர் என்னைச் சும்மா விடவில்லை, விடவும் கூடாது. பதினொரு பேரில் ஐந்து பேர்தான் திரும்பி வந்தார்கள். நோட்டீஸ்களை நானே போய்க் கிழித்தேன். நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருந்தேன், சில இடங்களில் கத்தியால் சுரண்ட வேண்டியிருந்தது. ஐந்து பேரிடமும் ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்விகளைக் கேட்டேன். முதல் கிழமை வெட்கப்பட்டார்கள். இரண்டாம் கிழமை நான் கேட்க முந்தியே சொன்னார்கள். கேள்விக்கு வெட்கப்பட்டவர்கள் அவர்கள் அல்ல, நான்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், பிடிக்கிற நாளில் பிடிக்கிறது என்று சொல்லிப் படிப்பிக்கத் தொடங்கிய பிறகு எனக்கும் பிடிப்புக் குறைந்தது. நல்லவளாக நடந்ததற்குக் கிடைத்த கூலி என்று அதைச் சொல்ல மாட்டேன். நோகிற நாளில் குதித்துக் காட்டுவதை விட்டேன், அவ்வளவுதான். அதைத்தான் முதல் நாளிலிருந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே உங்களுக்கு நான் தரும் ஊக்கம் இதுதான். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுங்கள், குற்றமில்லை. ஆனால் பாதம் தொங்குகிறவளைப் பார்த்து வயிற்றை உள்ளே இழு என்று கத்துவதற்குச் சான்றிதழ் தேவையில்லை. உங்களுக்கு நோகிறதென்றால் நோகிறது என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். இரண்டையும் சொல்லக் கூச்சமாக இருந்தால் புடவைக் கடை போடுங்கள். அதில் யாருக்கும் கால் போகாது.

ஒப்பரேசன் நடந்து எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் ஜெஸீமா படியேறி வந்தாள். பின்வாரை இழுத்துக் கட்டிய செருப்புப் போட்டிருந்தாள். யாரையும் பார்க்காமல் முன்வரிசையில் விரிப்பைப் போட்டாள். நான் அவளுக்குச் சொல்வதற்கு எட்டு மாதமாகப் பேச்சொன்று பாடமாக்கி வைத்திருந்தேன். மன்னித்துக்கொள் என்று தொடங்கினேன்.

"அதப் பொறகு பாப்பம் டீச்சர்" என்றாள். "இண்டைக்கு உங்களுக்கு எப்பிடி? உள்ளதச் சொல்லுங்க."

இடப் பக்கம் நோகிறது என்றேன்.

"அப்ப நீங்க கிடக்க வேணாம். இருந்துகொண்டு சொல்லித் தாங்க, நாங்க செய்றம்."

சுவரில் சாய்ந்து இருந்து அன்றைக்கு வகுப்பு எடுத்தேன். ஒன்பது வருடம் அவள் என் வகுப்புக்கு வந்தாள், போன வருடம் நான் வகுப்பை விடும்வரைக்கும். பிறகு பார்ப்போம் என்றதை அவள் பார்க்கவுமில்லை, நான் கேட்கவுமில்லை.